கண்மாய்க்குள் இறங்கும் ரப்பர் படகு

கண்மாய்க்குள் படகை இறக்குவதற்கு முன்னால் முள்ளைப் பார்க்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள பல கண்மாய்கள் வருசத்தில் பாதி நாள் காய்ந்தே கிடப்பவை. அந்த மாதங்களில் நீர் நிற்கும் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் பெருகியதும் மரம் மூழ்கிப்போகும். முள் மட்டும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அப்படியே நிற்கும். படகின் பக்கக் குழாயில் அது ஏறினால் உடனே தெரியாது. பத்து நிமிடம் கழித்துக் குழாய் கைக்கு மெத்தென்று அமுங்கும்போதுதான் தெரியும். குழாய் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால் ஓர் அறை போனாலும் படகு மிதக்கும். ஆனால் காற்று இறங்கிய பக்கம் தணிந்துவிடும். அப்படிச் சாய்ந்த படகில், தண்ணீர் குடித்துத் துவண்ட ஓர் ஆளை இழுத்து ஏற்றுவது பெரும்பாடு. அதனால் முன்னால் ஒருவர் மூங்கில் கழியோடு படுத்தவாக்கில் துழாவிக்கொண்டே போக வேண்டும். முள் உள்ள பகுதியில் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்புதான்.

கடலோர உயிர்காப்புப் படகு என்றால் அலையும் புயலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பிரிட்டனில் 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பு, கரையோர மீட்புக்கென்று 1963-இல் ரப்பர் படகைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதன் இன்றைய டி வகைப் படகு 5 மீட்டர் நீளம், 50 குதிரைத்திறன் மோட்டார். காற்றடைத்த குழாய், பின்புறம் தொங்கும் மோட்டார், மூன்று நான்கு ஆட்கள் என்ற அதே அமைப்புதான் இங்கே வண்டியூர்க் கண்மாயிலும் விரகனூர் மதகு அணைப் பக்கமும் இறங்குகிறது. வேலை மட்டும் வேறு. கடல் தன் ஆபத்தை வெளியே காட்டும். கண்மாய் காட்டாது.

முதலில் படகைப் பற்றி. காற்றடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பக்கக் குழாய்களை முக்கால்வாசி நிரப்பி, தரைப்பலகையைச் சரியாக உட்கார வைத்து, பிறகு குழாய்களை முழுதாக நிரப்ப வேண்டும். அடியில் உள்ள கீல் குழாய் கடைசி. அவசரத்தில் ஒரே பக்கத்தை முழுதாக அடித்துவிட்டால் அறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பு ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு ஒட்டு விட்டுப்போகும். பக்கக் குழாய்க்கு ஏறத்தாழ 240 மில்லிபார் போதும். எங்கள் ஊர் வெயிலில் இந்தக் கணக்கும் ஏமாற்றும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் குழாய்க்குள் அழுத்தம் சுமார் 4 மில்லிபார் கூடும். விடியற்காலையில் விறைப்பாக அடித்த படகை மத்தியான வெயிலில் கரையில் போட்டால் ஒட்டுகள் பிரியத் தொடங்கும். மத்தியானம் அடித்ததைத் தண்ணீரில் இறக்கினால் ஐந்து நிமிடத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். ஆகவே நிழலில் அடித்து, நீரில் இறக்கிய பிறகு இன்னொரு முறை பம்பைப் போட வேண்டும். கால்பம்பு படகிலேயே இருக்க வேண்டும். வண்டியில் இருந்து பயனில்லை.

மோட்டார் கெடுவது பெரும்பாலும் சும்மா நிற்பதால்தான். மழைக்காலத்தில் நாலைந்து தடவை ஓடி, மற்ற மாதங்கள் கொட்டகையில் தொங்கும் இயந்திரம் அது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொட்டியின் அடியில் நீராகப் பிரிந்து நிற்கும்; கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். வாரம் ஒருமுறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் அடிப்பகுதியை மூழ்க வைத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்றால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் சிறு சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது வண்டல் அடைத்திருக்கும். தண்ணீரில்லாமல் ஓட்டிப் பார்ப்பது இம்பெல்லரைக் கருக்கும் வேலை. இன்னொன்று ஆகாயத்தாமரை. விசிறியில் சுற்றினால் முன்னே போக முயலாமல் பின்னோட்டம் கொடுத்து அவிழ்க்க வேண்டும். அவிழாவிட்டால் மோட்டாரை நிறுத்தி, தூக்கி, அரிவாளால் அறுக்க வேண்டும். நீரில் இருப்பவரிடம் நெருங்கும்போது விசிறி சுற்றவே கூடாது. கடைசி தூரம் துடுப்பு.

இவ்வளவும் சொன்னாலும், படகு பல நேரங்களில் தாமதமாகத்தான் வரும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. நகரத்திலிருந்து ஒரு கிராமத்துக் கண்மாய்க்கு எந்த வண்டியும் அதற்குள் போய்ச் சேராது. கரையில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதே முக்கால்வாசியைத் தீர்மானிக்கும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலைகளை வீசி இரண்டு இளைஞர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். இரண்டை முடிந்தால் பத்து மீட்டர். தண்ணீரில் மிதக்கும் உடம்பைத் தாங்கப் பெரிய பலம் தேவையில்லை; தலை மட்டும் மேலே நிற்க ஐந்து கிலோ தாங்கும் மிதப்பே போதும். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன் அதற்குத் தாராளம். லாரி டியூப், காலி டிரம், வாழைத்தண்டு எதுவானாலும் சரி. நீட்டு, எட்டாவிட்டால் எறி, எறிய முடியாவிட்டால் படகு. நீந்திப் போய்ப் பிடிப்பது எல்லாம் முடிந்த பிறகு. தெரிந்தவர் மூழ்குகிறாரே என்று வெறுங்கையோடு குதித்த மாமாவும் அண்ணனும் சேர்ந்தே போன வீடுகள் நம் பக்கம் நிறைய.

மூழ்குபவர் கத்துவார், கையாட்டுவார் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். வாய் நீர்மட்டத்துக்கு மேலேயும் கீழேயும் போய்வரும்போது மூச்சு வாங்கவே நேரமிருக்காது, கூப்பிட ஏது நேரம்? உடம்பு செங்குத்தாக நிற்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், கண் ஓரிடத்தில் நிலைக்காது. நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற அந்தக் காட்சி தூரத்திலிருந்து பார்த்தால் விளையாட்டுப் போலத்தான் தெரியும்.

படகு வந்து சேர்ந்ததும் முதல் வேலை, பார்த்தவரை நின்ற இடத்தை விட்டு நகரவிடாமல் பிடிப்பது. "தம்பி, நீ நின்ன எடத்துலயே நில்லு. அந்தப் பனைக்கு நேரா, இல்ல இந்தப் பக்கமா?" என்று கேட்டு, கைகாட்டிய திசையில் கரையில் ஒரு குச்சி ஊன்ற வேண்டும். வேறு இடத்தில் நின்று பார்த்த இன்னொருவரிடமும் அதே கேள்வி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தேடல் தொடங்கும். அடுத்துத் தேட வேண்டியவர் அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர். எந்த இடத்தில் சவுடு மண் அள்ளினார்கள், எங்கே பழைய கிணறு அமிழ்ந்திருக்கிறது, மடை எங்கே என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லாத அளவுக்கு அவருக்குத் தெரியும். "அய்யா, மடை தெறந்திருக்கா?" என்பதைக் கேட்காமல் ஆளை இறக்கக் கூடாது. பாண்டி நாட்டுக் கண்மாய்களில் குமிழி மடை கரையிலிருந்து தள்ளி நீருக்குள்ளேயே நிற்கும். அடியிலுள்ள துளை வழியே போகிற தண்ணீர் காலைப் பிடித்து இழுத்தால் எந்த நீச்சலும் எடுபடாது. மடையை அடைத்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும்.

மண் அள்ளிய குழி இதைவிடக் கொடியது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டு ஆள் உயரத்துக்குள் போவார். குழியின் ஓரம் வழுக்கும் வண்டல், ஏறவும் பிடியில்லை.

ஆற்றில் கதை வேறு. வைகை அணையில் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அணையில் தண்ணீர் திறந்த செய்தி வந்தவுடனே மதுரைக்குள் வெள்ளம் தெரியாது; காய்ந்த மணல் குடித்தது போக மிச்சம்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில் மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் இறங்கியவர்களை மேலேற்றுவதே பெரிய மீட்பு. தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு ஓடினாலும் இருசக்கர வண்டியை விடக் கூடாது. நீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

தடுப்பணைக்கும், கண்மாயின் மிச்ச நீர் வழியும் கலுங்குக்கும் கீழே விழுகிற நீர் அடியில் போய்த் திரும்பி மேல்வழியாக அணையை நோக்கியே வரும். அந்தச் சுழலில் மாட்டிய ஆள் வெளியே வந்து வந்து மறுபடி சுவரடிக்கே போவார். படகும் அப்படித்தான் இழுபடும். ஆகவே கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும், இரு கரையிலும் கயிறு பிடிக்க ஆள் வைத்து, அந்தக் கயிற்றில் கட்டிய படகைத்தான் விட வேண்டும். கயிற்றை எவரும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுழலில் ஆள் மாட்டினால், கரையிலிருந்து அவரிடம் கயிற்றை எறிவதே நல்லது.

கிணறு தனி. அடியில் பிராணவாயு குறைந்திருக்கலாம், சாக்கடை வாடை வாயு இருக்கலாம், டீசல் இன்ஜினை உள்ளே வைத்து ஓட்டியிருந்தால் புகை வாயு தேங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது முதல் ஒன்றுக்கு மட்டும் ஓரளவு உதவும். அணையாமல் எரிந்தாலும் மற்ற இரண்டும் இருக்கலாம். ஊதுவிசிறி போட்டுக் காற்றேற்றி, மூச்சுக்கருவியோடுதான் இறங்க வேண்டும். 6 லிட்டர் உருளையை 300 பாருக்கு நிரப்பினால் 1,800 லிட்டர் காற்று. வேலை செய்கிறவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 45 நிமிடம் என்று கணக்கு வரும். காற்று குறைந்ததும் கருவி விசில் அடிக்கும்; அப்போதுள்ள மிச்சத்தைக் கழித்து, இறங்கி ஏறும் நேரத்தையும் கழித்தால் அரைமணி தேறாது.

கரைக்குக் கொண்டுவந்ததும் தலைகீழாகப் பிடிப்பது, தலைமேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது மூன்றும் வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை உயர்த்தி, ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு மார்பின் நடுவில் 5, 6 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு. 108 வரும்வரை நிறுத்தக் கூடாது. உட்கார்ந்து பேசுகிறாரே என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம்.

நேரம் கடந்துவிட்டால் தேடல் பாதாளக்கரண்டிக்கு மாறும். குடம் எடுக்க வீட்டுக்கு வீடு இருந்த அதே கொக்கிக் கொத்துதான், கொஞ்சம் கனமாக. படகைக் குச்சிகளின் கோட்டில் மெதுவாக ஓட்டி, கயிற்றை விரலில் உணர்ந்துகொண்டே இழுக்க வேண்டும். வேரில் மாட்டினால் கயிறு விறைத்து நின்றுவிடும். துணியில் மாட்டினால் கனம் கூடவே நகர்ந்து வரும். அந்த வித்தியாசம் கைக்குத் தெரிந்த நொடியில் படகில் யாரும் பேசுவதில்லை. கரையில் உள்ள வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் முதலில் ஒரு வேட்டியை விரித்துவிட்டு, பிறகுதான் மேலே எடுப்போம்.