ட்ரில் மெஷின் ஆர்.பி.எம்.: அதிர்வை மட்டும் வைத்துப் பிடித்தாயிற்று, 2308 தவிர

ட்ரிகரை மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி முழுக்க அழுத்தினாலும் சக் (துளைக்கும் பிட்டைப் பிடிக்கும் தலை) சுற்றும் வேகம் இப்போது கிராஃபில் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. சக்கில் ஸ்டிக்கர் இல்லை, என்கோடர் (சுற்றை எண்ணும் சென்சார்) இல்லை. கியர் ஹவுசிங்கில் ஒட்டிய, அதிர்வை மின்சாரமாக்கும் பியெஸோ வில்லை ஒன்றுதான். வேகம் நிலையாக இருக்கும்போது லேசர் டேக்கோமீட்டருக்கும் (வேகமானி) இதற்கும் சில ஆர்.பி.எம். வித்தியாசம். வேகம் மாறும்போது டேக்கோமீட்டர் பாவம், முக்கால் வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டுதான் அடுத்த எண்ணைக் காட்டுகிறது. அங்கே நம்ம ஆள்தான் கெட்டி. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு தெரிந்ததுதான். மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் பினியனில் (சின்ன கியர்) 5 பல், சக்கைச் சுற்றும் ஸ்பிண்டில் வீலில் 39 (கிரீஸைத் துடைத்து, ஒரு பல்லில் மார்க்கர் வைத்து எண்ணியது). சக் 2400 ஆர்.பி.எம்.-இல் ஓடினால் 40 ஹெர்ட்ஸ், ஆர்மேச்சர் 312, பல் மோதும் அதிர்வெண் 1560.

முதலில் கையில் இருந்த ஏடிஎக்ஸ்எல்345 என்ற அதிர்வு சென்சார் சிப்பைத்தான் மாட்டினேன். அதன் உச்சம் வினாடிக்கு 3200 சாம்பிள், அதுவும் எஸ்.பி.ஐ. என்ற வேகமான இணைப்பில் போட்டால்தான். அதில் பாதி, அதாவது 1600 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கலாம். முழு வேகம் 2800-இல் பல் அதிர்வெண் 1820-க்குப் போய்விடுகிறது. அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் 27 மி.மீ. பியெஸோ, சவுண்ட் கார்டு. இதைச் செய்பவர்கள் நேரடியாக மைக் இன்புட்டில் சொருகிவிடாதீர்கள். வில்லை 20 நானோஃபாரட் அளவு, இன்புட் 2 கிலோ ஓம் என்றால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். நடுவில் ஒரு டிஎல்072 (ஆப்-ஆம்ப் சிப்), 1 மெக் ஓம் ரெசிஸ்டர் போட்டால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்தத் தெருவிலேயே ஒரு கடையில் டிஎல்072 என்று கொடுத்தது டிஎல்072 மாதிரியே நடந்துகொள்ளவில்லை; அது தனிப் புலம்பல்.

தலைவலி கொடுத்தது கோட்டைப் பின்தொடர்வது. ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று காட்டும் படம்) இருப்பதிலேயே பெரிய கோட்டைப் பிடித்து 39-ஆல் வகுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இது யுனிவர்சல் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அதன் டார்க் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பு பல் கோட்டின் இரு பக்கமும் 100 ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு கோட்டை வளர்க்கிறது. இரும்பில் துளை போடும்போது பக்கத்துக் கோடு நடுக்கோட்டை விட உயரமாகிவிடும். உடனே 2400-இல் ஓடும் ட்ரில் 2554 என்று காட்டும், அடுத்த நொடி திரும்பி வரும். அக்கம்பக்க மதிப்புகளின் நடு எண்ணை எடுக்கும் மீடியன் ஃபில்டர் போட்டு மழுப்பலாம், எனக்குப் பிடிக்கவில்லை.

வழி கிடைத்தது காற்றாலைக்காரர்களிடமிருந்து. 2014-இல் பிரான்சின் லியோனில் நடந்த மாநாட்டில், காற்றாலை கியர்பாக்ஸின் அதிர்வைக் கொடுத்து வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு போட்டி. அதை ஒட்டி லெக்லேர், ஆந்த்ரே, அந்தோனி மூவரும் 2016-இல் எழுதிய மோப்பா முறையில், ஒரே கோட்டை நம்புவது கிடையாது. ஒவ்வொரு வேகத்துக்கும், 1 (சக்), 7.8 (ஆர்மேச்சர்), 39 (பல்), 78 (அதன் இரட்டை) என்று சக் வேகத்தின் எல்லா மடங்கிலும், அதாவது ஆர்டரிலும், ஸ்பெக்ட்ரம் என்ன சொல்கிறது என்று பார்த்துப் பெருக்க வேண்டும். 1660-இல் இருக்கும் போலிக் கோடு உண்மை என்றால் ஆர்மேச்சர் 332-இல் இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை, ஆட்டம் குளோஸ். பெருக்குவதற்கு முன் ஸ்பெக்ட்ரத்தைச் சமன் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஹவுசிங் எங்கே கணீரென்று அதிர்கிறதோ அதுவே ஜெயிக்கும். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்க மீடியனால் வகுத்தேன். மதிப்பு பூஜ்ஜியத்துக்கு இறங்காதபடி அடியில் சின்ன தளமும் வைத்தேன். ஒரு ஆர்டர் காணாமல் போனாலும் மற்றவை பிழைக்கும்.

இன்னும் மடக்காதது 2308. அந்த வேகத்தில் ஆர்மேச்சர் சரியாக 300 ஹெர்ட்ஸ், பல் 1500. இரண்டுமே 100-இன் மடங்கு, கரண்டின் கோடுகள் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. வேகம் அந்தப் பக்கம் வந்தாலே கிராஃப் அரை வினாடி பசை ஒட்டியதுபோல நிற்கிறது. அசையாத கோடுகளை எல்லாம் கழித்துவிடலாம் என்றால், ட்ரில் நிலையான வேகத்தில் ஓடும்போது எனக்கு வேண்டிய கோடும் சேர்ந்து கழிந்துபோகிறது. 100-இன் மடங்குகளை மட்டும் நாட்ச் செய்தால் (வெட்டி எடுத்தால்) 2308-இல் சக்கின் 38.5 ஹெர்ட்ஸ் ஒன்றுதான் மிச்சம், அது ரொம்ப மெலிசு. சக்கில் ஒரு பக்கம் கனம் ஒட்டி அதை வளர்க்கலாமா என்று யோசனை. பேரிங் என்னைத் திட்டும்.

இதை முடிக்காமலே மனசு அடுத்ததுக்குத் தாவிவிட்டது: அம்பத்தூரில் தெரிந்த ஒரு பட்டறையின் ஆல் கியர்டு லேத் (எல்லா வேகமும் கியர் மூலம் மாறும் கடைசல் இயந்திரம்). 3 ஃபேஸ் மோட்டார் என்பதால் 100 ஹெர்ட்ஸ் துடிப்புத் தொல்லை குறைவு. ஆனால் எந்த வீலில் எத்தனை பல் என்று தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பெட்டியின் மூடியைத் திறக்கப் பட்டறை அண்ணன் விடமாட்டேன் என்கிறார். "ஆயில் மாத்துறப்ப வா தம்பி, அப்ப எண்ணிக்க" என்றிருக்கிறார். ஆயில் எப்போது மாற்றுவார் என்று இன்னும் சொல்லவில்லை.