மின்வேதியியலில் மார்க் கழல்கிற இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. மின்வேதியியலில் போன மூன்று மார்க்கும் ஒரே சொல்லால் போனது: நேர்மின்வாய். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலூர்ப் பக்கம் தமிழ்வழியில் படிக்கிறவர்களுக்கு ஆனோடு என்றால் நேர்மின்வாய், கேதோடு என்றால் எதிர்மின்வாய் என்று மண்டையில் ஏறியிருக்கும். மின்னாற்பகுப்புக்கு அது சரிதான். ஜிங்க், காப்பர் தகடுகள் கொண்ட டேனியல் மின்கலத்துக்கு வந்தால் ஜிங்க் தகடுதான் ஆனோடு, ஆனால் அதன் குறி மைனஸ். பெயரில் 'நேர்' இருக்கிறதே என்று காப்பரை ஆனோடு பக்கம் எழுதினால், காப்பரின் மின்னழுத்தம் 0.34-இலிருந்து ஜிங்கின் −0.76-ஐக் கழித்து 1.10 வோல்ட் வரவேண்டிய கணக்கு −1.10 என்று முடியும். புதுச்சேரியில் சிபிஎஸ்இக்கு மாறிவிட்ட பள்ளிப் பிள்ளைகள் ஆனோடு என்றே படிப்பதால் இந்தக் குழியில் விழுவதில்லை.

குறியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எலக்ட்ரான் கழல்கிற இடம் ஆனோடு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனை எப்போதும் பிளஸ்தான். கரண்ட் போய் பேட்டரியில் ஃபேன் ஓடும்போது, அந்தப் பக்கத் தகட்டில் லெட் டையாக்சைடு லெட் சல்பேட்டாகிறது. லெட்டின் ஆக்சிஜனேற்ற எண் +4-லிருந்து +2-க்கு இறங்குகிறது. எலக்ட்ரான் சேர்வதால் ஒடுக்கம், ஆகவே கேதோடு. கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போது அதே தகட்டில் +2 திரும்பவும் +4 ஆகும். இப்போது அதே முனை ஆனோடு! குறி அசையவில்லை, வேலைதான் மாறியது.

அந்த பேட்டரியிலேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. டிஸ்சார்ஜில் இரண்டு தகட்டிலும் லெட் சல்பேட்தான் படிகிறது. சல்ப்யூரிக் அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. அதனால் அடர்த்தி குறைந்து, அதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மிதவை கீழே இறங்கும். டாப்-அப் செய்ய நம்மூர் உப்புப் போர் தண்ணீர் கூடாது என்பதும் வேதியியல்தான்: குளோரைடு தகட்டை அரிக்கும்.

ஆக்சிஜனேற்ற எண் எல்லாருக்கும் தெரியும். வழுக்குகிற இடங்கள் மட்டும்:

- லெட் டையாக்சைடும் பேரியம் பெராக்சைடும் வாய்பாட்டில் ஒரே அச்சு, ஒரு உலோகத்துக்கு இரண்டு ஆக்சிஜன். பேரியம் +2-ஐத் தாண்டாது, அதனால் அங்கே ஆக்சிஜன் −1. லெட் +4 வரை போகும், ஆக்சிஜன் −2.
- சோடியம் ஹைட்ரைடில் ஹைட்ரஜன் −1. புளூரினோடு சேர்ந்த ஆக்சிஜன் டைபுளூரைடில் ஆக்சிஜன் +2.
- குரோமியம் பெராக்சைடில் கணக்கு +10 காட்டும். நம்பாதீர்கள், +6தான். ஐந்தில் நான்கு ஆக்சிஜன் பெராக்சைடு வகை.
- நான்கு சல்பர் வரிசையாக நிற்கிற டெட்ராதயோனேட்டில் சல்பர் 2.5 என்பது சராசரி. நடு இரண்டும் 0, ஓரம் இரண்டும் +5.

சமன்பாட்டைச் சமன் செய்தபின் அணுக்களை மட்டும் எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள், மின்சுமையையும் கூட்டுங்கள். ஒரு பெர்மாங்கனேட், ஐந்து ஃபெரஸ், எட்டு ஹைட்ரஜன் அயனி: −1, +10, +8, மொத்தம் +17. வலப்பக்கம் ஒரு மாங்கனஸ், ஐந்து ஃபெரிக்: +2, +15. அதுவும் 17. பத்து விநாடி வேலை.

நெர்ன்ஸ்ட் கணக்கு (அயனிச் செறிவிலிருந்து மின்கல வோல்ட்டைக் காண்பது) கட்டாய வினாவாக 33-வது கேள்வியில் வந்தால் காப்பர்–சில்வர் மின்கலத்துக்குத் தயாராக இருங்கள். திட்ட மின்னழுத்தம் 0.80-இல் 0.34 போக 0.46. சில்வர் வினையை இரண்டால் பெருக்கினாலும் 0.80-ஐப் பெருக்கக்கூடாது. ஆனால் சில்வர் அயனிச் செறிவுக்கு வர்க்கம் உண்டு. காப்பர் அயனி 0.1, சில்வர் அயனி 0.01 மோலார் என்றால் விகிதம் 1000, மடக்கை 3, விடை சுமார் 0.37 வோல்ட். வர்க்கத்தை மறந்தால் 0.43 வரும், பார்க்க நல்ல பிள்ளை மாதிரியே இருப்பதால் சந்தேகமே வராது. படம் வரைந்தால் உப்புப் பாலத்தில் பொட்டாசியம் குளோரைடு எழுதாதீர்கள், சில்வர் குளோரைடு வெள்ளையாக வீழ்படிந்துவிடும். பொட்டாசியம் நைட்ரேட் எழுதுங்கள்.

பிராக்டிகலில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் வந்தால் நீர்த்த சல்ப்யூரிக் அமிலம் மட்டுமே. ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் குளோரைடு குளோரினாகி பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும், ப்யூரெட் அளவு கூடும். நைட்ரிக் தானே ஆக்சிஜனேற்றி, அளவு குறையும். ஆக்சாலிக் அமிலத்தை 60–70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஃபெரஸ் உப்பைச் சூடாக்கவே கூடாது, காற்றே அதை ஃபெரிக் ஆக்கிவிடும். ஆக்சாலிக்கில் முதல் சில துளிகளின் நிறம் உடனே போகாது. பயந்து மேலும் ஊற்றாமல் குலுக்கிக்கொண்டே நில்லுங்கள், மாங்கனஸ் அயனி சேர்ந்ததும் அதுவே வேகப்படுத்தும். கரைசல் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை: மாங்கனீஸ் +2 வரை இறங்காமல் +4-இல் நின்றுவிட்டது. பெர்மாங்கனேட்டின் சமான எடையும் 31.6 போய் 52.67 ஆகிவிட்டது. அந்த ஃபிளாஸ்க்கைக் கொட்டிவிட்டு 20 மில்லியை மறுபடி பிப்பெட் செய்யுங்கள். ப்யூரெட்டில் அடர்நிறக் கரைசல் என்பதால் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுங்கள், முதல் அளவையும் கடைசி அளவையும் அதே விளிம்பில்.