இடது 34.6, வலது 31.2

பிப்ரவரி 16, 2025, ஞாயிறு

அப்பா பழனியிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. காலையில் அவருக்குக் கால் கழுவிவிட உட்கார்ந்தேன். வலது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, நெருஞ்சி முள் ஒன்று முழுதாகப் புதைந்து கிடந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரத்தத்தைத் துடைத்து முடித்த பிறகுதான், "என்ன ஆத்தா செய்கிறாய்?" என்று குனிந்து பார்த்தார்.

முள் போகட்டும். இடது கால்தான் பயமாக இருக்கிறது. கணுவின் உட்பக்கத்திலிருந்து பாதத்தின் நடு வரை வீங்கிச் சிவந்திருக்கிறது. கை வைத்தால் சோற்றுப் பானையைத் தொட்டது போன்ற சூடு. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"துளி வலி இல்லை. குன்றக்குடி தாண்டியதிலிருந்து பழனி வரை வெறுங்கால். நத்தம் ரோட்டில் தார் கொதித்தது, எல்லோரும் ஓரமாக மண்ணில் இறங்கி நடந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முருகன் தூக்கிக்கொண்டு போனான்."

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 17

டாக்டர் பார்த்தார். கிருமித் தொற்று, செல்லுலைட்டிஸ் என்றார். பத்து நாளைக்கு மாத்திரை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறதாம். வலி இல்லை என்பதால் நடக்கலாமாம்.

பிப்ரவரி 19

வீக்கம் அப்படியே.

பிப்ரவரி 21

கொரோனா நாளில் வாங்கிய நெற்றி வெப்பமானி அலமாரியில் கிடந்தது. பொருளின் சூட்டைக் காட்டும் முறைக்கு மாற்றி, இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில், நடுமேட்டில், வைத்துப் பார்த்தேன்.

இடது 34.6. வலது 31.2.

கருவி சரியாக இருக்கிறதா என்று என் கால்களையும் பார்த்தேன். 31.0, 31.1.

பிப்ரவரி 22

காலையில் சிவப்பு பாதியாகக் குறைந்திருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். மதியத்துக்குள் பழையபடி வந்துவிட்டது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் சோதித்தேன். பத்து நிமிடம் தூக்கி வைத்ததும் சிவப்பு வடிந்தது, தொங்கவிட்டதும் ஏறியது. கிருமி தலையணைக்குப் பயந்து இறங்கிப் போகுமா?

பிப்ரவரி 24

அத்தை வந்திருந்தார். சுளுக்குத்தான், புத்தூர் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார். அதுவரை தவிடு வறுத்து ஒத்தடம் கொடுக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தும்விட்டார். ஓடிப்போய் அணைத்தேன். சூடு தெரியாத காலில் வறுத்த தவிடு! குரல் உயர்ந்துவிட்டது. அத்தை சாப்பிடாமல் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும், அடுப்பை அணைத்ததற்காக அல்ல.

மார்ச் 3, மதுரை

பாதத்துக்கென்றே இருக்கிற டாக்டர். கால் தொடும் முன் அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துத் தேய்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தார். அப்போதே நம்பிக்கை வந்தது.

மெல்லிய நைலான் இழை ஒன்று வைத்திருக்கிறார். தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் எடை விழும்போது அது வளைந்துவிடும். அந்த அழுத்தம் தெரியவில்லை என்றால் கால் காவல் இழந்த கால். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, தொடும்போது சொல்லுங்கள் என்றார். பெருவிரல் அடி, பாதப் பந்து, குதி என்று மாற்றி மாற்றி வைத்தார். அப்பா பேசாமல் இருந்தார். டாக்டர் இழையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றபோது, "இப்போது தெரிகிறது" என்றார். நல்ல பதில் சொல்ல வேண்டுமே என்று அவராகச் சொன்னது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தது இசைக்கவை. நொடிக்கு 128 முறை அதிர்வது. பெருவிரல் எலும்பில் வைத்தார், தெரியவில்லை. கணுவில் வைத்தார், தெரியவில்லை. முழங்காலில் வைத்ததும் அப்பா சிரித்தார்.

நாடி மட்டும் பாதத்தின் மேல் துள்ளுகிறது. ரத்த ஓட்டம் குறைந்த கால் அல்ல, கூடிப்போன கால். பல வருடச் சர்க்கரையில் உணர்வு நரம்புகளோடு குழாய்களைச் சுருக்கி வைக்கும் நரம்புகளும் செத்துவிட்டதால் ரத்தம் தடையின்றிப் பாய்கிறது, எலும்பைக் கரைக்கும் செல்கள் வேகம் கொள்கின்றன, எலும்பு இளகுகிறது. அந்தக் காலோடு ஏழு நாள் நடந்திருக்கிறார்.

எம்.ஆர்.ஐ.யில் பாதத்தின் நடு எலும்புகள் எல்லாம் நீர் கோத்து, நுண்ணிய முறிவுகளோடு இருந்தன. எக்ஸ்ரேயில் தெரியாத கட்டம் அது. பெயர் சார்கோட் பாதம்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி (HbA1c) 9.8 சதவீதம்.

மார்ச் 4

"எலும்பு உடைந்தால் வலிக்காதா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்கிறார். கொத்தனாரிடம் வேறு எப்படிச் சொல்வது, தாளில் வரைந்து காட்டினேன்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டுக்கும் 52, உடம்பின் 206 எலும்புகளில் கால்வாசி. பலகை மாதிரித் தரையில் படிந்திருப்பவை அல்ல, ஆர்ச் மாதிரி அடுக்கியவை. பின்னால் குதியெலும்பு ஒரு கால். முன்னால் விரல்களுக்குப் பின்னுள்ள நீள எலும்புகளின் தலைகள் இன்னொரு கால். உச்சியில் கணு எலும்பு. அதில் ஒரு தசைகூட வந்து ஒட்டுவதில்லை. மேலிருந்து இறங்கும் எடை முழுவதையும் வாங்கி, குதிக்கும் முன்பாதத்துக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதற்கு முன்னால் படகு வடிவில் ஒன்று, அதற்கும் முன்னால் ஆப்பு வடிவில் மூன்று.

ஆப்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேல் அகலம், அடி குறுகலா?"

ஆமாம், நடு ஆப்பு அப்படித்தான்.

"அப்படியென்றால் பாரம் ஏற ஏற இறுகத்தான் செய்யும். இரண்டு காலும் விலகாமல் கீழே என்ன பிடித்திருக்கிறது?"

உள்ளங்காலில் குதியிலிருந்து விரலடி வரை ஓடும் தடித்த நார்ப்பட்டையைக் காட்டினேன். எலும்புக்கு எலும்பு கட்டியிருக்கும் தசைநார்களையும் சொன்னேன். பின்னால் ஆடுதசையிலிருந்து இறங்கும் குதிநாண் பல வருடச் சர்க்கரையில் விறைத்துப் போய்க் குதியை மேலே இழுக்கிறது. அந்த இழுப்பின் பாரம் நேராக ஆர்ச்சின் நடுவில் விழுகிறது.

வெகுநேரம் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஸ்திவாரத்தில் ஈரம் இறங்கினால் சுவரில் விரிசல் தெரிய நாளாகும். டாக்டரைக் குற்றம் சொல்லாதே."

நான் சொல்லத்தான் செய்கிறேன். பதினான்கு நாள் நடக்கவிட்டார்.

மார்ச் 5

மாவுக்கட்டு. காலோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் போடுகிற வகை, எடை உள்ளங்கால் முழுவதும் பரவி முழங்காலுக்குக் கீழுள்ள கட்டின் சுவரும் பங்கு வாங்கிக்கொள்ளும். கழற்ற முடியாது. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவார்கள் என்று டாக்டர் அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார்.

போட்டவர் பூசும்போது அப்பா கண் எடுக்காமல் பார்த்தார். ஈரம் காயும் முன் விரல் நுனியால் கணுவருகே தடவிப் பார்த்து, "இந்த இடத்தில் ஒரு மேடு நிற்கிறது தம்பி" என்றார். அவர் திரும்பத் தேய்த்துச் சமன் செய்தார். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சை நாற்பது வருடம் கண்ணாடியாகத் தேய்த்த விரல்கள். விரலில் உணர்வு இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

எத்தனை நாள் என்று கேட்டார். நாள் கணக்கு இல்லை, சூட்டுக் கணக்கு என்றார் டாக்டர். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும். மூன்று மாதம் ஆகலாம், ஆறும் ஆகலாம்.

"சென்ட்ரிங் மாதிரி" என்றார் அப்பா. "தளம் இறுகாமல் முட்டுகளைப் பிரிக்க முடியாது."

மார்ச் 9

ராத்திரி வாக்கர் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். கேட்காவிட்டாலும் எழுந்துவிடுகிறேன்.

மார்ச் 12

முதல் மாற்று. வீக்கம் வடிந்து கட்டுக்குள் விரல் நுழையும் இடைவெளி. இடது 33.8, வலது 31.3.

மார்ச் 20

தூக்கம் வரவில்லை. நோயின் பெயருக்குப் பின்னால் போனேன். நாம் சார்கோட் என்பது ஷார்கோ என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயர். அவர் 1868இல் மேகநோய் (சிபிலிஸ்) தண்டுவடத்தைத் தாக்கியவர்களின் மூட்டுகளில் இதை விவரித்தார். சர்க்கரையோடு சேர்த்து ஜோர்டான் எழுதியது 1936இல்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. இந்த மாவுக்கட்டு நம் பக்கத்தில் பிறந்தது. 1930களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டு நடக்கவிட்டிருக்கிறார். பிறகு வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல்களும் பாதமும் தேய்வது நோய் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் புழங்குவதால் என்று காட்டியவர். அதுவரை சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். வலது காலுக்கு வாங்கிய எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற நுண்துளை ரப்பரும் அந்த வேலூர் வேலைதான்.

பிராண்ட் ஒரு ராத்திரி தன் குதியில் உணர்ச்சி இல்லாததைக் கண்டு, ஊசியால் குத்தியும் வலிக்காமல், தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடியும்வரை கிடந்தாராம். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. நெடுநேரம் உட்கார்ந்திருந்ததில் மரத்துப்போன கால்.

நான் எழுந்து போய் ஊக்கு எடுத்து என் குதியில் குத்திப் பார்த்தேன். வலித்தது. அழுதேன்.

மார்ச் 26

33.9, 31.4. இறங்கவில்லை.

ஏப்ரல் 2

அத்தையிடம் பேசிவிட்டேன்.

ஏப்ரல் 11, பங்குனி உத்திரம்

நான் பள்ளிக்குப் போயிருந்த நேரம் ஆட்டோ பிடித்துக் குன்றக்குடி போயிருக்கிறார். கட்டின் அடிப்பக்கம் கரைந்து மண் ஒட்டியிருக்கிறது. படி ஏறினீர்களா என்றேன். பதில் இல்லை.

ஏப்ரல் 16

35.0, 31.9.

எக்ஸ்ரேயில் இப்போது என் கண்ணுக்கே தெரிகிறது. ஆப்பெலும்பும் நீள எலும்பும் சேரும் வரிசை விலகிவிட்டது. உள்ளங்காலில் குழி இருந்த இடத்தில் எலும்பு கீழே புடைத்து நிற்கிறது. கூழாங்கல்லைத் துணியில் முடிந்தது போல, தோலுக்கு அடியில் உருண்டை. இனி அந்த இடம்தான் தரையில் முதலில் படும். அங்கே தோல் கிழிந்தால் புண், புண்ணிலிருந்து எலும்பு வரை கிருமி. மேலே போக டாக்டர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 17

சண்டை.

"வலியில்லாமல் அவன் நடத்திக் கொடுத்தது பொய்யா?" என்றார்.

பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஏழு நாளும் அவருக்கு நிஜம். ஆனால் கால் கத்திக்கொண்டே வந்திருக்கிறது, செய்தி மேலே வரவில்லை, வீங்கிச் சிவந்து சூடாகித்தான் சொல்ல முடிந்தது. அதைத்தான் சொன்னேன். உங்கள் காலுக்கு இனி நான்தான் காது, அந்தக் காதையாவது கேட்கவிடுங்கள் என்றேன். கடைசியில், அருள் என்றால் என் கையில் இருக்கும் இந்த வெப்பமானியும் அருள்தான் என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் தானாகவே வலது காலை நீட்டினார், பார் என்பது போல. விரலிடுக்கு, குதி வெடிப்பு, நகக்கண் எல்லாம் பார்த்தேன். 31.8.

ஏப்ரல் 23

சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்தாயிற்று. திண்ணைப் படிக்குச் சாய்தளம் எத்தனை அடிக்கு எத்தனை உயரம் என்று கணக்குச் சொல்லி, நாற்காலியில் இருந்தபடியே ஆளை வேலை வாங்கினார். ரசமட்டத்தை மடியில் வைத்திருந்தார்.

ஏப்ரல் 30

34.1, 32.0. வித்தியாசம் 2.1.

மே 3

நடக்கவே இல்லை. ஒரு வாரமாக ஒரு அடி கூட இல்லை. நாற்காலிக்கு மாறும்போது வலது காலில் மட்டும் எழுகிறார்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கும் நாள், மதுரைக்குள் போக முடியாது. மாற்று நாளை மறுநாள்.

மே 14

33.9, 32.5.

1.4!

டாக்டர் சிரித்தார், அப்பா சிரித்தார், ஆரப்பாளையத்தில் இறங்கி இளநீர் குடித்தோம். இன்னும் சில வாரம் இப்படியே நின்றால் கட்டுக்குப் பதில் பூட்ஸ், பிறகு தைத்த செருப்பு. "தைப்பூசத்துக்கு?" என்றார் அப்பா. பஸ்ஸில் போய் வரலாம் என்றேன். தலையாட்டினார்.

இரவு

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வித்தியாசத்தை மட்டுமே வட்டம் போட்டு வந்திருக்கிறேன். இடது இரண்டு வாரத்தில் 0.2தான் இறங்கியிருக்கிறது. வலது 31.2, 31.3, 31.4, 31.9, 31.8, 32.0, 32.5.

கத்திரி வெயில். வெயிலாக இருக்கலாம்.

கட்டுப் போட்டதிலிருந்து உடம்பு முழுவதையும் அந்த ஒற்றைக் கால்தான் தாங்குகிறது.

மே 15, காலை 5 மணி

அவர் எழும் முன் பார்த்தேன். வலது 32.9. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த கால்.

என் கால் 31.3. மறுகால் 31.3.

வலது கணுவின் உட்பக்கம் விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்து நிற்கிறது. கண் விழித்து, "என்ன ஆத்தா, மணி என்ன?" என்றார். காலைத் தூக்கி இரண்டு தலையணை வைத்தேன். பத்து நிமிடம் ஆகட்டும்.