கிடப்பில் கிடந்த ரீல்கள்

பழைய ஒலிப்பதிவு டேப் எது வந்தாலும், இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன் அதன் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் டேப் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். குழந்தைகள் வரையும் மெழுகு வண்ணக்கட்டியின் வாடை அடித்தால் அது வேறு நோய். ஒரு ராக் குழுவின் 16 ரீல்கள் வந்து இறங்கிய நாளில் அறை முழுக்க மெழுகு வாடைதான்.

எல்லாமே இரண்டு அங்குல அகலம், 24 ட்ராக்; அதாவது ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனித் தடத்தில் பதியும். எழுபதுகளின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் பதிவு செய்து, ஆல்பங்களில் சேர்க்காமல் ஒதுக்கிய பாடல்கள். குழுவின் டிரம்ஸ் கலைஞர் காலமாகிவிட்டார். எஞ்சிய மூவரும் அந்தப் பாடல்களைத் தொகுத்து ஓர் ஆல்பமாக வெளியிட விரும்பினார்கள். டேப்பிலிருந்து ஒலியை மீட்டு, தடங்களை அளவாகக் கலக்கும் மிக்ஸிங்குக்குத் தயார்செய்து கொடுப்பது என் வேலை.

மெழுகு வாடை காட்டும் நோய் இதுதான்: அந்தக் காலத்து டேப்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, ஆண்டுக்கணக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் டேப் கிறீச்சிட்டு நிற்கும். ஒலியைப் படிக்கும் தலைப்பகுதியில் பழுப்பு நிறப் பொடி அப்பிக்கொள்ளும். அந்தப் பொடிதான் பாட்டு. சுரண்டி எடுத்து மறுபடி ஒட்ட முடியாது. அதனால் முதலில் சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சூடேற்ற வேண்டும். ஈரம் விலகிப் பசை தற்காலிகமாக இறுகும். சில வாரங்கள் தாங்கும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு வேலையில், அவசரத்தில் ஒரு ரீலைச் சூடேற்றாமல் ஓட்டிவிட்டேன். முதல் சில நொடிகள் போயின. ஒரு பாடகி மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கும் இடம் அது. அந்த மூச்சு இனி எங்கும் இல்லை. இன்றும் ஒவ்வொரு ரீலையும் மாட்டும்போது அது நினைவுக்கு வருகிறது.

நொடிக்கு 30 அங்குலம் ஓடும் வேகத்தில் ஒரு ரீல் ஏறத்தாழ 16 நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு பெட்டியில் மூன்று, நான்கு பாடல்களுக்குத்தான் இடம். ஆனால் பெட்டியின் மூடியில் எழுதியிருந்தவற்றை நான் படித்து முடிக்கவே நாள்கள் ஆயின. 'டிரம்ஸ் நன்று, குரல் இல்லை.' 'பிறகு பார்க்கலாம்.' 'இதுவே சரியான டேக்' என்று எழுதி, வேறு மையில் அடித்திருந்தார்கள். கிடப்பில் போட்டது என்றால் மட்டமானது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். நான் கண்டது வேறு. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் திணித்தால் ஒலியின் பலம் குறையும். அந்தக் கணக்கில் இடமில்லாமல் வெளியேறிய நல்ல பாடல்கள் ஏராளம். சில பாடல்களுக்கு வரிகள் எழுதி முடிக்கப்படவில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்ளாத மாதத்தில் பதிவானதால் ஒதுங்கிய பாடலும் ஒன்று உண்டு.

முடிக்காத பாடலை இப்போது முடிக்கலாமா என்பதுதான் எங்களைப் பல நாள் தூங்கவிடாத கேள்வி. முன்னுதாரணங்கள் இரு பக்கமும் இருக்கின்றன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1981-இல் வெளியிட்ட 'டாட்டூ யூ' ஆல்பம் பெரும்பாலும் பழைய பதிவுகளால் ஆனது. ஒலிப்பொறியாளர் கிறிஸ் கிம்ஸி டேப்களைத் தோண்டி எடுத்துக் கொடுக்க, குழுவின் பாடகர் மிக் ஜாகர் புதிதாகப் பாடிச் சேர்த்தார். அதில் ஒரு பாடலின் அடித்தளம் 1972-இல் ஜமைக்காவில் பதிவானது. கேட்பவருக்கு அது மிச்சசொச்சமாகவே தோன்றாது. லெட் ஸெப்பெலின் குழு 1982-இல் வெளியிட்ட 'கோடா' ஆல்பம் வேறு வகை. அவர்களின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாம் 1980-இல் மறைந்த பிறகு வந்தது. டிரம்ஸை மட்டுமே மையமாக வைத்து 1976-இல் பதிவான ஒரு துண்டும் அதில் இருக்கிறது. இன்றைய கருவிகள் இன்னும் தூரம் போகின்றன. ஜான் லென்னன் வீட்டில் கேசட்டில் பாடி வைத்த குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்து, 2023-இல் பீட்டில்ஸின் பாடலாக வெளியிட்டார்கள். தொண்ணூறுகளில் முயன்று கைவிட்ட வேலை அது. அதே வகைக் கருவி இப்போது என் கணினியிலும் இருக்கிறது. எதையும் செய்ய முடியும் என்ற நிலை வந்த பிறகுதான் எதைச் செய்யக்கூடாது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

ஒன்பதாவது ரீலில் ஒரு பாடல். இரண்டாவது சரணத்தில் தாளம் சற்று முந்துகிறது. வெளியீட்டு நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர், டிரம்ஸைக் கணினியில் கட்டம் போட்டு நேராக்கிவிடலாம் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். நான் மறுத்தேன். டிரம்ஸை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டேன்; பிறகு பேஸ் கிட்டாரைச் சேர்த்தேன்; பிறகு குரலை. முந்துவது டிரம்ஸ் அல்ல. பாடகர் அந்த வரியை ஆவலோடு சற்று முன்னதாக எடுக்கிறார். அதைக் காதில் வாங்கிய டிரம்ஸ் கலைஞர் அரை நொடியில் அவரோடு போய்ச் சேர்ந்துகொள்கிறார். பேஸ் பின்னால் ஓடி வருகிறது. நான்கு பேர் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசித்ததற்கு அந்த இடம்தான் சாட்சி. அதை நேராக்கினால் இறந்துபோனவர் தன் நண்பனைக் கேட்டதை அழித்தவர்களாவோம் என்றேன். கிட்டார் கலைஞர் அந்தச் சரணத்தை மூன்று முறை போடச் சொன்னார். பிறகு, தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

பாடல் முடிந்து, சிம்பலின் அதிர்வு அடங்கும்போது, மேலே தொங்கிய மைக்கில் டிரம்ஸ் கலைஞரின் குரல் மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு முறை வாசிக்கலாமா என்று கேட்கிறார். அதை வெட்டவில்லை. ஆல்பத்தில் இருக்கிறது.

நான் மிகவும் விரும்பிய பாடல் மட்டும் இல்லை. பதினான்காவது ரீலில் இருந்தது, முழுமையாக முடிந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடகர் ஒருமுறை கேட்டுவிட்டு, இது வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. மற்ற இருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய குரல், அவருடைய வரிகள்.

டேப்பைச் சுற்றி வைத்தால் ஓர் அடுக்கின் ஒலி அடுத்த அடுக்கில் லேசாகப் பதியும். பாட்டின் முடிவு வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றினால், அந்த நிழலில் பெரும்பகுதி பாட்டுக்கு முன்னால் விழாமல் பின்னால் விழுந்து மறைந்துவிடும். அந்தப் பதினான்காவது ரீலை அப்படியே சுற்றி, பெட்டியில் வைத்து, அன்றைய தேதியை மூடியில் பழைய தேதிக்குக் கீழே எழுதினேன். பக்கத்தில், 'படியெடுத்தாகிவிட்டது, வெளியிட அனுமதி இல்லை.'