வேகம் ஏறினால் நாதம் மாறும்

இன்று காலை பியூர் டேட்டா (Pure Data) என்ற ஒலி உருவாக்கும் மென்பொருளில் இரண்டே இரண்டு ஆசிலேட்டர்களை, அதாவது சீரான அலைவைத் தரும் பெட்டிகளை, இணைத்தேன். ஒன்று ஒலிக்கிறது, மற்றொன்று அதன் சுருதியை மேலும் கீழும் அசைக்கிறது. அசைக்கும் வேகத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன்.

நொடிக்கு 5, 6 முறை வரை பாடகர் குரலை அசைப்பது போலத்தான் இருந்தது.

20ஐத் தாண்டிய பிறகு அசைவையே காணோம்! காதால் அதைப் பின்தொடர முடியவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு நாதம் கேட்கத் தொடங்கியது.

ஒலிப்பது 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அலைவு), அசைப்பது 280 என்று வைத்து, ஒலி தேயத் தேய அசைவின் ஆழத்தையும் குறைத்தால் மணியோசை. 280ஐ 400 ஆக்கினால் மணி மறைந்து கிளாரினெட்டின் சாயல் வருகிறது. மாறியது ஒரே ஒரு எண்.

1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் எஃப்எம் (FM) தொகுப்பு எனப்படும் இந்த முறையைக் கண்டறிந்ததும் காதால்தான். கணக்கு விளக்கம் அப்புறம் வந்தது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணு கீபோர்டு வழியாக அது உலகமெங்கும் ஒலித்தது.

சரி, மணியோசை எல்லா மென்பொருளிலும் தயாராகவே கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் அது ஏன் மணியாக ஒலிக்கிறது என்பது அங்கே மூடியே இருக்கும். மில்லர் பக்கெட் எழுதிய பியூர் டேட்டாவில் பெட்டிகளும் கோடுகளும் கண்ணெதிரே இருக்கின்றன. இலவசம் வேறு.

வீட்டில் ஒலிமேல் ஆசையுள்ள பிள்ளை இருந்தால், இதைத் திறந்து கொடுத்துவிட்டு, எண்களை இஷ்டத்துக்கு மாற்ற விடுங்கள். ஒலியளவை மட்டும் முதலில் குறைத்து வையுங்கள்.