தால்சிம் குறிப்புகள்: மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து

2025 ஜூன் 3, செவ்வாய்

இந்த மாதம் முழுக்க, ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேமில் கைகால் நீள்கிற யோகி தால்சிம்மைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளியானது 2023 ஜூன் 2 அன்று. அன்றைக்கே இருந்த 18 கதாபாத்திரங்களில் தால்சிம்மும் ஒருவர். இரண்டு வருஷம் ஆகியும் ராங்க்டு மேட்சில், அதாவது ஆன்லைன் தரவரிசை ஆட்டத்தில், அவர் எதிரே வருவது அபூர்வம். திரும்பின பக்கமெல்லாம் கென், அகுமா, கேமி. கேட்டால், "தள்ளி நின்னு கை நீட்டுற ஆளு, கிட்ட போனா காலி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அந்த நீண்ட கையை அவருடைய அடி என்று நினைப்பதில்தான் கோளாறே. எதிராளி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்தக் கை இருக்கிறது. நிஜமான அடி அதற்கப்புறம், தலைக்கு மேலிருந்தோ முதுகுக்குப் பின்னாலிருந்தோ வருகிறது. எங்கள் பக்கத் தோப்புகளில் மாங்காய் பறிக்கிற அலக்கைப் பார்த்தால் விஷயம் புரியும்: வலை எட்டுகிற இடத்தில் இருக்கிற காய்க்கு அதைவிட நல்ல கருவி கிடையாது, காலடியில் கிடக்கிற காய்க்கு அது வெறும் தொந்தரவு. தால்சிம்மின் ஹெவி பஞ்சும் (லைட், மீடியம், ஹெவி என்ற மூன்று பலத்தில் பெரிய குத்து) அப்படித்தான்.

நான் வேலை பார்க்கிற மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் ஆரம்பித்துவிட்டது. பெங்களூரா மாங்காய் லோடு லாரிகள் இரவிலும் வரிசை கட்டி நிற்கின்றன. ஷிஃப்ட் முடிந்து வந்துதான் ஆட வேண்டும், எழுதவும் வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

இன்று ஆட்டத்தில் புதிய கதாபாத்திரமாக எலெனா வந்துவிட்டாள். ஆன்லைனில் எல்லாரும் அவளைத்தான் எடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் கால் நீளம். ஆனால் அவள் காலோடு உடம்பும் சேர்ந்து முன்னேறுகிறது. தால்சிம் நின்ற இடத்திலேயே நிற்க, கை மட்டும் போகிறது. அதனால் அவளோடு ஆடும்போது எட்டிப் பிடிக்கிற போட்டியில் இறங்காமல், அவள் வந்து நிற்கப்போகிற இடத்தில் முன்கூட்டியே தால்சிம் வாயால் விடுகிற நெருப்பைப் போட்டு வைப்பது நல்லது. இன்று இவ்வளவுதான். தூக்கம் வருகிறது.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டு மாடியில். தர்மபுரியிலிருந்து என் மாமா பையன் காவேரிப்பட்டணம் வழியாக பஸ் பிடித்து வந்திருந்தான். பர்கூரில் காலேஜ் படிக்கிற தம்பியும் வந்தான். மாமா பையன் கென் ஆடுவான். தம்பிக்கு மாடர்ன் கன்ட்ரோல், ஒரே பட்டனில் ஸ்பெஷல் மூவ்.

தம்பி கேட்டான்: "அண்ணா, கை இவ்ளோ தூரம் போகுதே, அப்புறம் ஏன் எல்லாரும் வீக்குன்னு சொல்றாங்க?"

ட்ரெயினிங் மோடைத் திறந்து ஃப்ரேம் மீட்டரைக் காட்டினேன். ஃப்ரேம் என்பது திரையில் ஓடுகிற ஒரு படம், இந்த ஆட்டத்தில் ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம். பட்டனை அழுத்தியதும் கீழே ஒரு பட்டை ஓடும்: கிளம்புகிற நேரம் பச்சை, அடி படுகிற நேரம் சிவப்பு, கை திரும்பி வருகிற நேரம் நீலம். ஹெவி பஞ்சை நீட்டச் சொன்னேன். சிவப்பு கொஞ்சூண்டு, நீலம் இழுத்துக்கொண்டு போனது. அந்த நீலம் முழுக்க தால்சிம்மால் எதுவும் செய்ய முடியாது. கை வெளியே இருக்கும்வரை அந்தக் கையையும் அடிக்கலாம். நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஒரு பாகத்தை எதிராளிக்கு முன்னால் வைக்கிறோம்.

எல்லாருக்கும் இருக்கிற ட்ரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி இதனால்தான் அவருக்குப் பெரிய பகை. கிளம்ப 26 ஃப்ரேம் ஆகும், அதற்குள் இரண்டு அடிவரை தாங்கிக்கொண்டு முன்னேறி வரும். சாதாரண ஆள் குட்டையான பட்டன் அழுத்தியிருந்தால் பார்த்துச் சமாளித்துவிடுவார். நாம் ஹெவியை நீட்டியிருந்தால் கை வீடு திரும்புவதற்குள் அது வந்து சேர்ந்துவிடும்.

இதில் காப்பாற்றுவது தூரம்தான். ட்ரைவ் இம்பாக்ட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு வெளியே நின்று ஹெவி, உள்ளே வந்துவிட்டால் லைட், மீடியம் மட்டும். தம்பியைத் திரையில் அந்த எல்லையைத் தேடச் சொன்னேன். தரைக்கோடுகளை அடையாளம் வைத்து அவனே கண்டுபிடித்துவிட்டான். பின்பக்கம் அழுத்திக்கொண்டு பட்டனைத் தட்டினால் கை நீளாமல் கிட்டத்து அடி வரும் என்பதே பலருக்குத் தெரியாது. தால்சிம்மைக் கையில் எடுக்கிறவர் முதலில் பழக வேண்டியது அந்தக் குட்டை அடிகளைத்தான் என்பேன்.

ஜூன் 11, புதன்

இன்று டெலிபோர்ட், தால்சிம் மறைந்து வேறிடத்தில் தோன்றுகிற வித்தை. மனசுக்குப் பிடித்த பகுதி, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

தரை டெலிபோர்ட் எல்லாருக்கும் தெரிந்தது: திசையோடு மூன்று பஞ்சோ மூன்று கிக்கோ சேர்த்து. மறைந்து வேறிடத்தில் வந்து நிற்பார். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வந்து நிற்கும்போது கொஞ்ச நேரம் கை கட்டினாற்போல் நிற்பார். தெரிந்தவர்கள் அங்கேயே பிடித்து முழு காம்போ (விடாமல் தொடர்கிற அடிகள்) போடுவார்கள்.

மேல்நிலையில் ஆடுகிறவர்கள் நம்புவது ஆகாய டெலிபோர்ட்டை. குதித்ததும் தரையை ஒட்டியே மறைந்து, எதிராளிக்குப் பக்கத்தில் காற்றிலேயே தோன்றுவது. அதன் லாபம், தோன்றியதும் பட்டன் வேலை செய்யும், இறங்கும்போதே அடிக்கலாம்.

கைக்கணக்கு இப்படி: திசை மேல்-முன் வரை போய்விட வேண்டும். கால் தரையை விட்டுக் கிளம்ப 4 ஃப்ரேம் ஆகும். அந்த 4 முடிந்ததும் மூன்று பட்டன். முந்தினால் தரை டெலிபோர்ட் வந்து மாட்டிக்கொள்வோம். பிந்தினால் உயரே போய்விடும், எதிராளி அண்ணாந்து பார்த்து அடித்துவிடுவார். பட்டன்களைத் தனித்தனியாகக் குத்தாமல் மூன்று விரலையும் ஒன்றாகப் படுக்கவைத்து அழுத்துவதுதான் எனக்குச் சரியாக வருகிறது. மேல்-முன் பட்டனில் கட்டைவிரல் பட்டதும் ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் மூன்று விரல். காதில் இரண்டு தனித்தனி 'டக்' கேட்க வேண்டும். ஒரே சத்தமாகக் கேட்டால் முந்திவிட்டது என்று அர்த்தம். திரையைப் பார்ப்பதைவிடச் சத்தத்தைக் கேட்டுப் பழகினால் சீக்கிரம் படியும்.

இது தனியாக நின்றால் வெறும் வித்தை. நெருப்போடு சேர்ந்தால்தான் ஆயுதம். யோகா ஃபயர் என்ற நேராகப் போகிற நெருப்பை லைட் பஞ்சில் விட்டால் மெதுவாகப் போகும். அது எதிராளியை நெருங்குகிற நேரத்தில் நாம் அவர் முதுகுக்கு மேல் தோன்ற வேண்டும். முன்னால் நெருப்பு, பின்னால் காலடி. இந்த வகை ஆட்டத்தில் பிளாக் என்பது எதிராளிக்கு எதிர்ப்பக்கத் திசையை அழுத்தி அடியைத் தடுப்பது. எந்தப் பக்கம் அழுத்துவது என்று முடிவெடுக்க அவருக்கு அரை நொடிகூட இருக்காது.

ஜூன் 15, ஞாயிறு

"மச்சான், உன் டெலிபோர்ட்டுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டேன்" என்று மாமா பையன் படி ஏறும்போதே சொன்னான். அவன் மருந்து ட்ரைவ் பேரி, அதாவது வருகிற அடியை வாங்கி நிறுத்துகிற தற்காப்பு. சரியான மருந்துதான். பேரியைப் பிடித்துக்கொண்டால் முன், பின், மேல், கீழ் எந்தப் பக்க அடியானாலும் நின்றுவிடும். எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம். நெருப்பைப் பேரி பண்ணினால், ட்ரைவ் என்று தொடங்குகிற வித்தைகளுக்குச் செலவாகிற அவன் ட்ரைவ் கேஜும் ஏறும்.

இந்த இடத்தில் நிறைய பேர் தால்சிம்மை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய தாக்குதல் ஆரம்பிப்பதே இங்கேதான். பேரி பிடித்திருப்பவரை த்ரோ பண்ணினால், அதாவது கிட்டப் போய்ப் பிடித்து வீசினால், அது பனிஷ் கவுன்ட்டராகக் கணக்காகும்: டேமேஜ் கூடுதல், அவர் கேஜும் குறையும். அதனால் ஆகாய டெலிபோர்ட்டில் தோன்றி, எதையும் அழுத்தாமல் சும்மா இறங்கி, கால் தரையில் பட்டதும் த்ரோ. அவன் அடி வரும் என்று பேரியைப் பிடித்தபடியே நிற்பான்.

"ஒண்ணுமே அழுத்தலயே நீ?"

"அதான்டா மச்சான் விஷயமே."

அதற்கப்புறம் அவன் பேரியை விட்டுவிட்டு லைட் பஞ்சைத் தட்ட ஆரம்பித்தான். அப்போது மறுபடி இறங்கும்போதே அடி. காற்றிலிருந்து சாய்வாகப் பாய்கிற ட்ரில் கிக் இன்னொரு துணை: காற்றில் கீழ் அழுத்தி லைட், மீடியம், ஹெவி எதைத் தட்டுகிறோமோ அதற்கேற்ப இறங்குகிற கோணம் மாறும். ஒரே இடத்தில் தோன்றி வேறு வேறு இடத்தில் இறங்கலாம். தால்சிம்மின் குதி மெதுவாக மிதந்து போவதைக் குறையாகச் சொல்வார்கள். எப்போது இறங்குவார் என்று எதிராளிக்குத் தெரியாதவரை அது குறையே இல்லை.

ஜூன் 18, புதன்

பகல் முழுக்க மின்தடை, மாதாந்திரப் பராமரிப்பு. ஆட முடியாததால் வேறு ஒன்று எழுதுகிறேன்.

1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் இந்தியாவின் பிரதிநிதியாக வந்தவர் இவர். கழுத்தில் மண்டையோடு, வாயில் நெருப்பு, பின்னால் யானைகள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிற நம்மாட்களை எனக்குத் தெரியும், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதையில் அந்த மண்டையோடுகள் அவர் ஊரில் கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளுடையவை. ஊர் வறுமைக்குப் பணம் சேர்க்கத்தான் சண்டைக்கே வருகிறார். மனைவி சாலி, மகன் தத்தா. அந்த வரிசையில் குடும்பஸ்தராக, யாரையும் வெறுக்காமல் சண்டை போடுகிற ஆள் இவர். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும்.

அவரை எடுத்துச் சாதித்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 காலத்தில் பிலிப்பினோ சாம்ப், ஆர்ட்டுரோ சான்செஸ். அப்புறம் பிரான்சின் மிஸ்டர் கிரிம்சன். கிரிம்சனின் ஆட்டத்தைப் பார்க்கும்போது கையை எவ்வளவு நீட்டுகிறார் என்று பார்க்காதீர்கள், எப்போதெல்லாம் நீட்டாமல் இருக்கிறார் என்று பாருங்கள்.

வயசாகிவிட்டது, இனி ரிஃப்ளெக்ஸ் வராது என்று சொல்கிறவர்களுக்கு: ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக நடந்தது, 2023 செப்டம்பரில். தங்கம் வாங்கிய தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

ஜூன் 22, ஞாயிறு

மாமா பையனின் கென்னோடு ஆடியதில் ஒரு ரவுண்டை மட்டும் எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்தில் அவன் டிராகன்லாஷ் என்ற உதையில் பறந்து வரப் பார்த்தான். நான் பின்னால் நடந்து இடம் கொடுத்தேன், எதையும் நீட்டவில்லை. அடுத்தது ட்ரைவ் ரஷ் என்ற வேகப் பாய்ச்சலில் ஓடி வந்தான். அதற்கு மீடியம் பஞ்ச் முன்னாடியே வழியில் நின்றது. ஓடுகிறவர் பிளாக் பண்ண முடியாது, போய் மோத வேண்டியதுதான். பட்டதும் அவன் நின்றான், யோசித்தான். யோசிக்கிற அந்த நேரத்தில் குனிந்து சறுக்குகிற ஹெவி கிக், விழுந்தான்.

விழுந்தவன் எழுவதற்குள் யோகா ஆர்ச். இது மேலே வளைந்து போய்த் தலையில் இறங்குகிற நெருப்பு. எந்தக் கிக் பட்டனோ அதற்கேற்ப விழுகிற தூரம் மாறும். எழுகிறவன் தலைக்கு மேல் நெருப்பு இறங்குகிறது, நான் ஆகாய டெலிபோர்ட்டில் பின்பக்கம். அவன் பேரி பிடித்தான். நெருப்பு பேரியில் பட்டது. நான் சும்மா இறங்கி த்ரோ. மறுபடி விழுந்தான், மறுபடி ஆர்ச், இந்த முறை பின்பக்கம் போகாமல் முன்னாலேயே நடந்துபோய் நின்றேன். அவன் பின்பக்கத்தை எதிர்பார்த்துத் தப்பான பக்கம் பிளாக் பண்ணினான்.

ட்ரைவ் கேஜின் 6 கட்டமும் காலியாகி பர்ன்அவுட் ஆனான். பர்ன்அவுட்டில் ஸ்பெஷல் மூவ் பிளாக்கில் பட்டாலும் உயிர் குறையும், பிளாக்கில் சிக்கியிருக்கிற நேரம் 4 ஃப்ரேம் கூடும். தால்சிம்மின் நெருப்புகளுக்கு அது திருவிழா நேரம். ஃபயர், ஆர்ச், ஃப்ளேம் என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது.

"இதுக்கு மேல நான் என்னடா பண்ணனும்?" என்றான். நியாயமான கேள்வி. சறுக்கு உதையைக் குதித்துத் தாண்டு என்றேன். அது பிளாக் ஆனால் நான் பக்கத்தில் வந்து நிற்பேன், அங்கே அடி என்றேன். எழுதி வைத்துக்கொண்டான்.

ஜூன் 26, வியாழன்

ஆன்லைன் ஆட்டத்துக்கு ஒரு குறிப்பு. இதில் ரோல்பேக் முறை: எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஆட்டம் ஓடும், ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்தும். இணைப்பு மோசமானால் டெலிபோர்ட் ஆன ஆள் இன்னும் திடீரென்று தோன்றுவார். அப்படிக் கிடைக்கிற வெற்றியில் எனக்கு மதிப்பில்லை. வைஃபையை விட்டு வயர் இழுத்துவிட்டேன், மாடிப்படி ஓரமாக ஆணி அடித்து. பெங்களூர்க்காரர்களோடு இப்போது நேரில் ஆடுவதுபோல் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

ஓசூரிலிருந்து ஒரு அண்ணன் அடுத்த வாரம் வருகிறார். கைல் ஆடுகிறவர். கைல் என்றால் தால்சிம்காரர்கள் பயப்படுவார்கள், அவர் தூரத்திலிருந்து எறிகிற சானிக் பூம் நம் நெருப்பை விடச் சீக்கிரம் கிளம்பும் என்பதால். நெருப்புக்கு நெருப்பு போட்டால் தோற்போம். ஆர்ச் பூமுக்கு மேலே வளைந்து போகும், அதனால் அவர் பூம் விட்ட கையோடு ஆர்ச்.

இன்னொன்று: கைல் பின்பக்கத் திசையைக் கொஞ்ச நேரம் பிடித்துச் சார்ஜ் வைத்தால்தான் பூம் வரும். ஆகாய டெலிபோர்ட்டில் அவர் முதுகுப் பக்கம் போனால் அவர் பிடித்திருந்த பக்கம் இப்போது முன்பக்கம். சார்ஜை முதலிலிருந்து வைக்க வேண்டும். அடி படாவிட்டாலும் பரவாயில்லை, பக்கம் மாறினாலே எனக்கு லாபம்.

தம்பியைக் கைல் எடுக்கச் சொல்லி இன்று இதை மட்டும் பழகினோம். மாடர்னில் ஒற்றைப் பட்டனில் ஸ்பெஷல் விட்டால் டேமேஜ் 20 சதவீதம் குறையும். ஆனால் கைலுக்கு அதிலும் சார்ஜ் வேண்டும். அதனால் பயிற்சிக்கு அவனே போதும். பூம் கிளம்புகிற கை அசைவைப் பார்த்து நான் ஆர்ச்சைத் தட்டுவது பாதி நேரம் சரியாக வருகிறது. மீதிக்கு இந்த வாரம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் இல்லை.