கொறங்காட்டுக் குட்டிகள்: ஒரு கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 6
மூலனூர்ப் பக்கத்து எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் வெளுத்துவிட்டது. மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் அதையும் கடித்துத்தான் வருகின்றன. ஆனால் காய்ந்த புல்லில் புரதம் குறைவு என்பதால் தாய்களுக்குப் பால் சுண்டி, மூன்று வாரக் குட்டிகள் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்துகின்றன. இரட்டைக் குட்டிகளில் இளையது முதுகெலும்பு தெரிய நிற்கிறது.

ஏப்ரல் 8
பட்டியின் மூலையில் படல் கட்டி, குட்டிகள் மட்டும் நுழையச் சந்து விட்டேன். உள்ளே தீனித் தொட்டி: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ, கோதுமைத் தவிடு 2.7 கிலோ, தாது உப்பு 200 கிராம், கல்லுப்பு 100 கிராம் என்று கலந்ததில் இன்று போட்டது ஒரு பிடிதான். அகத்திக் கொத்தும் கட்டித் தொங்குகிறது.

ஏப்ரல் 15
தலைக்கு 50 கிராம். வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 22
என் கவனக்குறைவு. நேற்றிரவு நான் சரியாகக் கட்டாத சாளைக் குடிசையின் கதவைத் தள்ளி, இரண்டு குட்டிகள் மக்காச்சோள மூட்டையில் வாய் வைத்துவிட்டன. காலையில் இடப்பக்க வயிறு உப்பி, அசைபோடாமல், புளித்த நாற்றத்தோடு கழிந்துகொண்டிருந்தன. மாவுச்சத்து வயிற்றில் விரைந்து நொதித்து அமிலமாவதே காரணம் என்ற மருத்துவர், சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டி, தானியத்தை நிறுத்தி, காய்ந்த சோளத்தட்டு மட்டும் போடச் சொன்னார். மாலைக்குள் ஒன்று தேறியது. இரட்டையில் மூத்தது தேறவில்லை. இளையதற்கு மூட்டை வரை முண்டியடிக்கத் தெம்பில்லாமல் போனது.

மே 3
வெள்வேலங்காய் உதிரத் தொடங்கிவிட்டது. "காடு காஞ்சாலும் மரம் கைவிடாது கண்ணு" என்று அம்மாவின் அப்பாவான அப்புச்சி கூட்டி அள்ளியதைப் போலவே நானும் அள்ளுகிறேன். தாய்கள் முழுக்காயைத் தின்கின்றன. செரிக்காத விதைகள் புழுக்கையோடு விழுந்து மழைக்கு முளைப்பதால் எங்கள் காட்டு மரங்களில் பாதி ஆடுகள் நட்டவை என்றே சொல்லலாம். குட்டிகளுக்கு இடித்துத்தான் போடுகிறேன். புண்ணாக்கு விற்கும் விலைக்கு இது பெரிய ஆறுதல்.

மே 14
மழை. இளந்தளிரை வெறும்வயிற்றில் மேய்ந்தால் துள்ளுமாரி எனும் குடல் நச்சு நோய் வரும் என்ற அச்சத்தால் காலையில் சோளத்தட்டைத் தின்னவிட்டு, ஈரம் உலர்ந்த பின்பே திறந்துவிட்டேன். தாய்களுக்குத் தடுப்பூசி முன்பே போட்டாயிற்று. குட்டிகளுக்கு மூன்று மாதம் நிறைய வேண்டும். இளையது தராசில் 6.8 கிலோ காட்டியது. கொக்கியிலிருந்து இறக்கியதும் தொட்டிக்கே ஓடியது.